பத்துக்குப் பத்து பொருத்தம்

அன்னிக்கு எனக்கு வேல ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சிக்கு வடக்கனந்தல்ல ஒரு வரன் வந்திருந்துச்சு. ரெண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கினு போய் பொருத்தம் பாத்துட்டு வரணும்.

எங்க ஜோசியர் இருக்கிறது எலவனாசூர்கோட்டையில. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ல மறியல். ஒரு பஸ்ஸும் கிளம்பல.

பேசாம வூட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனா நான் யாரு? கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற ஜெராக்ஸ் கட ஓனராச்சே!

கடைக்குப் போய்த் தேடினேன். ஜாதக சாஃப்ட்வேர் ஒண்ணு கெடச்சுது. "பதினஞ்சு நாள் ட்ரயல் போட்டுப் பாருங்க, புடிச்சா வாங்குங்க"ன்னு போட்டிருந்தான்.

ட்ரயலாம் ட்ரயல்! பக்கத்துல செல்போன் கட வெச்சிருக்கிற பாஸ்கர் அதையே பென்டிரைவ்ல குடுத்தாரு.

"கிராக் பண்ணதுங்க. ஆயுசுக்கும் ஓடும்."

ரெண்டு பேரோட பொறந்த தேதி, நேரத்தைப் போட்டு அமுக்கினேன். பத்துக்குப் பத்து!

அப்பாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உடனே மாப்பிள்ள வூட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டாரு.

விஷயம் பரவி, தெருவுல மூணு பேரு ஜாதகத்தோட வந்துட்டாங்க. மூணுக்குமே பத்து! நான் ஜோசியர் கணக்கா தலைய ஆட்டிக்கினு, "அமோகமா இருப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிக்கினு இருந்தேன்.

சாப்பாடு கொண்டாந்த என் பொண்டாட்டி, "நம்ம ரெண்டு பேருக்கும் போடுங்க பாப்போம்"னா.

போட்டேன். பத்து!

அவ ஸ்கிரீனப் பாத்தா. என்னப் பாத்தா. "இது ரிப்பேருங்க. மொதல்ல கம்பெனிக்கு போன் போடுங்க."

போட்டேன். ஒரு அம்மா எடுத்து, "பில் நம்பர் சொல்லுங்க சார்"னாங்க.

"பில்லு... வூட்ல இருக்குதுங்க."

சிரிச்சிட்டாங்க. "திருட்டுக் காப்பின்னா எதப் போட்டாலும் பத்துதான் காட்டும் சார். நாங்கதான் அப்படி வெச்சிருக்கோம். ட்ரயல் சும்மாதானே குடுக்கிறோம்?"

மூஞ்சிய தொடச்சிக்கினு ட்ரயல ஏத்தினேன். தங்கச்சிக்கு ஏழு வந்துச்சு.

இத யாரு மாப்பிள்ள வூட்டுக்குச் சொல்றது? அப்பா போனை என் கையில குடுத்துட்டு நவுந்துட்டாரு. நான் போட்டு, "அம்மா, பத்து இல்லீங்க, ஏழுதாங்க. தப்பு என்னுதுதான்"னேன்.

மாப்பிள்ளையோட அம்மா பெருமூச்சு விட்டாங்க. "ஏழு போதும் தம்பி. பத்துன்னதும் எங்களுக்கே பயமாப் போச்சு, இன்னாத்தையோ மறைக்கிறீங்களோன்னு!"

அப்புறம் அந்த மூணு பேரு வூட்டுக்கும் நடையா நடந்து மன்னிப்பு கேட்டேன்.

கடைசியா ட்ரயல்ல எங்க ரெண்டு பேர் ஜாதகத்தையும் போட்டுப் பாத்தேன். மூணு வந்துச்சு.

சாஃப்ட்வேர் கரெக்டா வேல செய்யுதுன்னு அன்னிக்கே பில்லோட வாங்கிட்டேன்.