விண்கலத்து அப்பா

என் மனைவி புஷ்பவல்லி வேறொருவரை மெச்ச ஆரம்பித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மணி டிவி தொடரில் வருகிற ஆள் அவர். ஒரு குடும்பமே விண்கலம் ஏறிச் செவ்வாய் கிரகத்துக்குப் போகிற கதை. கதாநாயகனை மெச்சியிருந்தால் பொறுத்திருப்பேன்; இளவட்டம், பார்க்கவும் லட்சணம். இவள் மெச்சியது அவனுடைய அப்பாவை. என் வயசு, என் தொப்பை, என்னைவிடக் கம்மி முடி. அவருக்குப் பட்டம் 'தங்கமான மனுசன்'. எனக்கு 'ஏங்க' மட்டும்தான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சாத்திவிட்டு வீடு வருவதற்குள் தொடர் முடிந்திருக்கும். அந்த ஆளை விளம்பரத்தில் ஒருதரம் பார்த்ததோடு சரி. அன்றன்றைக்கு அவர் செய்த அருமை பெருமையெல்லாம் எனக்குச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

மாசி மாதம் ஒருநாள் ரசம் ஊற்றியபடி சொன்னாள்.

"இன்னிக்கு அவரு சம்சாரத்தை உட்கார வச்சு, தானே தோசை ஊத்திக் குடுத்தாருங்க."

"விண்கலத்துல தோசை மிதக்காதா?"

"மனசு இருந்தா ஒட்டும்."

அந்த ஆளைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். மறுநாள் காலையில் தோசைக் கரண்டி என் கையில். நாலு தின்றுவிட்டு, அவர் துணியும் மடிக்கிறார் என்றாள். மடித்தேன். அவர் விண்கலத்தைத் துடைத்தாராம். நான் வெண்கலத்தைத் தேய்த்தேன். அவர் மாமியாருக்குப் போன் போட்டு உடம்பு எப்படி என்று கேட்டாராம். நானும் அரியலூருக்குப் போன் போட்டேன். என் மாமியார் பதறிப்போய், யாருக்கு என்ன ஆச்சு மாப்ள என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

என்ன செய்தாலும் அவர் ஒரு படி மேலேயே நின்றார். அவரைப் பற்றிப் பேசும்போது இவள் முகத்தில் வருகிற வெளிச்சம் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

சித்திரையில் ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து வீட்டு ஜோதி இந்தத் தொடரை டிவிக்கு ஒருநாள் முந்தியே மொபைலில் பார்த்துவிடும். அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொண்டு, நான் முந்திச் செய்துவிட்டால்? நாசூக்காகக் கேட்டேன்.

"எந்த அப்பாண்ணே?" என்றது ஜோதி. "அந்தப் பையனோட அப்பாவா? அவரு பொங்கலுக்கு முன்னாடியே செத்துட்டாரே. விண்கல்லு மோதி. இப்ப போட்டோதான் இருக்கு. மாலை மட்டும் அது பாட்டுக்கு மிதந்துகிட்டிருக்கும்."

எதிரி ஒழிந்தான் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசல்படி ஏறும்போதுதான் உறைத்தது. பொங்கலுக்கு முன்னால் செத்தவர் மாசியில் எப்படித் தோசை ஊற்றினார்? தோசை, துணி, மாமியார் போன் எல்லாமே புஷ்பவல்லியின் கைங்கரியம். இத்தனை நாளும் நான் மல்லுக்கு நின்றது ஒரு போட்டோவோடு.

உள்ளே போய் அந்த ஆள் செத்து எத்தனை மாசம் ஆகிறது என்று கேட்டேன். அவள் அசரவில்லை. கொத்தமல்லிக் கட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"செத்த மனுசரே இவ்வளவு செய்யிறாரு. உங்களுக்கென்னங்க, உசுரோடதான இருக்கீங்க? இதை ஆய்ஞ்சு வையுங்க."