ராஜகுமாரியின் பாவாடைக்கு மேட்சிங்

என் மனைவி ஜெயபாரதியை ஒரு கலரிங் புத்தகம் கொடுத்து வீட்டில் உட்கார வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை. பஜ்ஜிதான் காரணம்.

எனக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தடை போட்டார், சாயங்காலம் நடக்கச் சொன்னார். நடக்கலாம். ஆனால் மயிலாப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் என் கால்கள் தெற்கு மாட வீதி பஜ்ஜிக் கடையில்தான் போய் நிற்கும். இது தெரிந்து ஜெயபாரதி தினமும் கூடவே வர ஆரம்பித்தாள். கட்டிய மனைவியே காவலுக்கு வந்தால் மனிதன் எங்கே போவான்?

புத்தகக் கடைப் பெண் பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் மூன்றை எடுத்துப் போட்டாள்.

"பூ டிசைன் ஈஸியா இருக்கும் அங்கிள்."

"கஷ்டமா வேணும்மா. சீக்கிரம் முடியக் கூடாது."

"அப்போ இந்த தேவதைக் கதை. ஒரு பக்கத்துக்கே பத்து நாள் ஆகும்."

பிரித்தேன். கோட்டைக்கு அறுபது ஜன்னல். காட்டில் இலைகளை எண்ணவே முடியவில்லை. ராஜகுமாரி பாவாடையில் மடிப்புக்கு மடிப்பு வேறு டிசைன். நாற்பத்தெட்டு கலர் பென்சிலும் சேர்த்து வாங்கினேன்.

மறுநாள் ஐந்து மணி. ஜெயபாரதி பால்கனியில் புத்தகத்தோடு உட்கார்ந்து, "நீங்க மட்டும் நடந்துட்டு வாங்க" என்றாள். காதில் தேன் பாய்ந்தது. ஒரு காலில் செருப்பை மாட்டினேன்.

"ஏங்க, ராஜகுமாரிக்கு அரக்குப் பாவாடை. ரவிக்கைக்கு ரோஸ் குடுக்கேன்."

மற்றக் கால் நின்றுவிட்டது.

கோவில்பட்டியிலிருந்து வந்து, தி.நகர் ரவிக்கைத் துணி மேட்சிங் கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். ஒரு கல்யாணத்தில், மணப்பெண் ரவிக்கை ஒரு ஷேடு தூக்கல் என்று தாலி கட்டும் நேரத்தில் சொல்லி, இரண்டு வீட்டாரிடமும் வசவு வாங்கியிருக்கிறேன்.

"அரக்குக்கு ரோஸா? கண்ணு அவிஞ்சு போகும். மாம்பழ மஞ்சள் குடு."

"மஞ்சள்லயே நாலு பென்சில் இருக்கு. இதுல எது மாம்பழம்?"

"தள்ளு."

செருப்பைக் கழற்றினேன். டியூப் லைட்டில் எந்த நிறமும் பொய் சொல்லும். எங்கள் கடையில் துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டுவோம். அதனால் இருட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பஜ்ஜிக் கடைக்காரரும் இருட்டுவதற்குள் மாவைத் தீர்த்துவிடுவார்.

மறுநாள் மறுபடி ஒரு கால் செருப்பு.

"ஏங்க, காட்டு மரத்துக்கெல்லாம் ஒரே பச்சையா அடிச்சிரவா?"

ராமர் பச்சை, பாசிப் பச்சை, கிளிப்பச்சை என்று உலகத்தில் இத்தனை பச்சை இருக்க, ஒரே பச்சையாம். அன்றைக்கும் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

நாலாம் நாள் பென்சில் டப்பாவையே என்னிடம் நீட்டினாள்.

"உங்க கை எனக்கு வராது. நீங்களே அடிங்க. நான் எதிர் வீட்டு மேகலாகூட நடந்துட்டு வாரேன்."

சரி என்று தலையாட்டினேன். எந்தப் பக்கம் போகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. சூனியக்காரியின் அங்கிக்கு வெங்காயச் சருகு நிறம் சரியாக வராமல் படுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஐந்து மணி எனக்கே எனக்கு என்றாகிவிட்டது. இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

மூன்று மாதம் கழித்து ரத்தம் சோதித்தார்கள். நூற்று இருபது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டோவில் திரும்பும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரதி, ஒரு உண்மையைச் சொல்லிருதேன். அந்தப் புத்தகம் உன் மேல உள்ள பிரியத்துல வாங்கினது இல்ல. உன்னை உக்கார வச்சுட்டு பஜ்ஜி திங்கப் போகணும்னு வாங்கினேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க பென்சில் டப்பாவோட வந்து நின்னப்பவே. இல்லன்னா அரக்குக்கு ரோஸ் போடுவேன்னு எந்தப் பொம்பளையாவது சொல்லுவாளா?"

கோபம் வரவில்லை. இவள் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றுதான் நினைத்தேன். 

"எனக்காகத் தினமும் நடையா நடந்து நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க, பாரதி."

"கஷ்டம் என்ன கஷ்டம்" என்றாள். "ஆனா உங்க மாட வீதிக் கடையில வாழைக்காயைவிட மிளகாய் பஜ்ஜிதாங்க நல்லா இருக்கு."