மொட்டை மாடியில் காய்ந்த ஆராய்ச்சி

கெட்டவர்களைவிட, வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படுகிறவர்களால்தான் சேதாரம் அதிகம். நானே அதற்குச் சாட்சி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஒரு பெண்ணின் ஐந்து வருடப் படிப்பை அரை மணி நேரத்தில் காயப்போட்டிருக்கிறேன். (நிஜமாகவே காயத்தான் போட்டேன்.)

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. அங்கே பாத்திமா என்ற கீழக்கரைப் பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "பெரியம்மா, டீ குடிச்சீகளா?" என்று தினமும் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அன்றைக்கு மூன்று மணிக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வரவேண்டும். அவர் கண்முன் சோதனையைச் செய்து காட்டி, அவர் சரி என்றால்தான் பாத்திமாவுக்குப் பட்டம். "மதியம் லுஹர் தொழுதுட்டு வாரேன் பெரியம்மா. மேசையை மட்டும் துடைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேசையில் ஒரு சீசா. உள்ளே வெள்ளைப் பொடி, ஈரம் கோத்துக் கட்டிகட்டியாக. மூடியைத் திறந்தால், ஊசி போடும் முன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாடை. பிள்ளை அவசரத்தில் எதையோ பொடியில் கொட்டிவிட்டாள் என்று நினைத்தேன். கடலோரத்தில் பிறந்தவளுக்கு ஈரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மிளகாயோ மாவோ கருவாடோ, எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெயில். பக்கத்து அறையில் நாலு பேர் இருந்தார்கள், கேட்டிருக்கலாம். கூச்சம். எவர்சில்வர் தட்டில் பரப்பி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன்.

அரை மணியில் பொடி பூவாக உதிர்ந்தது. எனக்கு என்ன பெருமை! அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து கச்சான் காற்று ஒரு வீசு வீசியது. பாதிப் பொடி எழும்பி என் தலையில் இறங்கியது. மீதியை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

"பெரியம்மா, சீசா எங்க?" படியேறி வந்த பாத்திமா என் தலையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "யா அல்லா! அந்த ஈரந்தானே பெரியம்மா என் ஆராய்ச்சியே!"

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள்: "சோடாவுல வாயு கரைஞ்சிருக்குல்ல? தண்ணியோ ஸ்பிரிட்டோ, எதுலயும் இம்புட்டுத்தான் கரையும்னு ஒரு அளவு உண்டு. இந்தப் பொடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதுக்குள்ள அடைச்சா, அதே ஸ்பிரிட்டு கூடுதலா வாயுவை வாங்கிக்குது."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். "நெருக்கமான பஸ்ஸுல எப்படி ஆத்தா கூடுதலா ஆளு ஏறும்?"

"உப்பூர் பஸ்ஸுல சுவரோரமா வரிசையா நிக்கிறாகள்ல, வரிசைக்கு நடுவுல சந்து விழும்ல? ஸ்பிரிட்டும் அப்படித்தான் நிக்கும். ஓட்டை சின்னதா இருந்தா உள்ள எல்லாமே சுவரோரந்தான். அந்தச் சந்துல வாயு போய் நின்னுக்கிரும்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க பஸ்ஸையே காலி பண்ணி வெயில்ல நிப்பாட்டிட்டீக."

மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்தார். பாத்திமா தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்பு சார். கவனமில்லாம வச்சுட்டுப் போயிட்டேன்" என்றாள்.

என் பேரைச் சொல்லவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்துவிட்டேன்.

"இல்லய்யா, நாந்தான் காயப்போட்டேன். அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீக."

அவர் என் வெள்ளைத் தலையை உற்றுப் பார்த்தார். "மிச்சப் பொடி எங்கம்மா?"

"தலையில இருக்குய்யா. உதறித் தரட்டுமா?" (கிண்டல் இல்லை. பயத்தில் உண்மையாகவே கேட்டேன்.)

மனிதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "தலையில இருக்குறது வேண்டாம்மா. பாத்திமா, தட்டுல இருக்குற பொடியைத் திரும்ப நனைச்சுச் செய்ய முடியுமா?"

"ஒரு நாள் வேணும் சார்."

"அப்ப நான் ராமேஸ்வரம் போயி சாமி கும்பிட்டு நாளைக்கு வாரேன்."

மறுநாள், மிஞ்சிய பொடியை வைத்தே சோதனை சரியாக வந்தது. பாத்திமாவுக்குப் பட்டம் கிடைத்தது. என் வேலையும் போகவில்லை. அவள் அச்சடித்த ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பிரதியை எனக்கும் தந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில், பெற்றோருக்கும் பேராசிரியருக்கும் கீழே, "உண்மையைச் சொன்ன இருளாயி பெரியம்மாவுக்கு" என்று இருந்தது. "ஏலே, இன்னொருக்கா வாசி" என்று என் மகனை ஏழு தடவை வாசிக்க வைத்தேன்.

இன்றைக்கும் நான் வற்றல் தட்டைத் தூக்கினால் போதும், "அத்தை, பாத்திமாகிட்டக் கேட்டாச்சா?" என்பாள் மருமகள். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். நான் கேட்டுவிட்டுத்தான் மாடிக்குப் போகிறேன். போனில் பாத்திமாவும் சளைக்காமல் சொல்வாள்: "காயப்போடுங்க பெரியம்மா. தலையில மட்டும் துண்டைக் கட்டிக்கங்க."