காட்டிய இடமெல்லாம் கழன்றது

மலைச் சரிவில் இறங்கும்போதே இரண்டு முறை இருமிய மோட்டார் சைக்கிள், சமதரைக்கு வந்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டது. பல் டாக்டர் அதை ஓரங்கட்டிவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார்.

பின் ஸீட்டிலிருந்து மனைவி இறங்கவில்லை. அறுபத்தோரு நாளாகப் பதினோரு வெளிநாடுகளை அந்த ஸீட்டில் உட்கார்ந்தே கடந்தவள். இறங்கினால் மறுபடி ஏறுவது பெரும்பாடு.

"பெட்ரோல் இருக்கா?"

"முக்கால் டேங்க் இருக்கு."

"நாளைக்குக் காலையில கப்பல். துறைமுகம் இன்னும் இருநூறு கிலோமீட்டர்."

"தெரியும்."

"அதை விட்டா பத்து நாள் கழிச்சுதான் அடுத்தது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கிட்ட கொஞ்சம் வேலை கத்துக்கச் சொல்லி எங்கண்ணன் தலைபாடா அடிச்சுக்கிட்டார்."

"உங்கண்ணனுக்கு சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாது. முப்பது வருஷமா நூலளவு ஓட்டையில கைவேலை பார்க்கறவன் நான். எனக்கு இது என்ன பெரிய விஷயம்?"

பெரிய விஷயம் இல்லை என்று காட்டுவதற்காக ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். இருபத்தைந்தாவது அழுத்தலில் பேட்டரியும் படுத்துவிட்டது. சார்ஜ் தீர்ந்து அப்போதுதான் வண்டியிலிருந்து ஏற்றத் தொடங்கியிருந்த போன் அதைப் பார்த்துத் தானும் கண்ணை மூடியது. இந்த ஊர் மொழியைத் தமிழாக்கிச் சொல்வதற்கு இருந்தது அந்தப் போன் ஒன்றுதான்.

டாக்டர் வண்டியைத் தள்ள, மனைவி இரண்டு ஹெல்மெட்டுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை வந்தது. வாசலில் டயர்கள் அடுக்கியிருந்தன. சுவரில் ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின. எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையோடு, காலடியில் ஒரு பழைய பம்பை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த தடித்த மனிதர், இவர்களைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"மரியாதை தெரிஞ்ச மெக்கானிக்" என்றார் டாக்டர்.

அவர் பேசியது இவர்களுக்குப் புரியவில்லை. இவர்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை. டாக்டர் ஸ்பார்க் பிளக்கைச் சுட்டிக்காட்டி, இதுதானே கோளாறு என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். தடித்தவர் ஒரு கணம் யோசித்தார். சுவரிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து பிளக்கைக் கழற்றிவிட்டார்.

"பார்த்தியா? நான் நினைச்சதையேதான் அவரும் நினைச்சிருக்கார்."

பிளக்கைத் துடைத்து மாட்டினார்கள். டாக்டர் கிக்கரை உதைத்துப் பார்த்தார். காலையில் பொத்தானை அழுத்தியபோது முனகவாவது செய்த வண்டி, இப்போது அதையும் விட்டுவிட்டது.

அடுத்து டாக்டர் பெட்ரோல் குழாயைக் காட்டினார். தடித்தவர் உருவினார். பெட்ரோல் டாக்டரின் காலணிக்குள் இறங்கி, அது நிறைந்ததும் தரையில் ஓடியது.

"முக்கால் டேங்க் இருந்தது உண்மைதாங்க" என்றாள் மனைவி.

கார்புரேட்டரைக் காட்டினார். அதுவும் திறக்கப்பட்டது. உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிப் புல்லுக்குள் விழுந்தது. மூவரும் மண்டியிட்டு அரைமணி நேரம் துழாவியதில் நான்கு ஸ்பிரிங்குகள் கிடைத்தன. நான்கில் எது தன்னுடையது என்று வண்டிக்குத்தான் தெரியும்.

"என்னங்க, இவரா எதையும் சொல்ற மாதிரி தெரியலையே."

"எதுக்குச் சொல்லணும்? நான் கை வைக்கற இடத்துலதான் அவரும் கை வைக்கறார். தொழில் தெரிஞ்சவங்களுக்குள்ள பேச்சு தேவையில்லம்மா."

"முகத்தைப் பாருங்க. ஒண்ணுமே புரியாத மாதிரி வச்சிருக்கார்."

"அது நிதானம். கிளினிக்கில நானும் அப்படித்தான் வச்சுப்பேன்."

"அதான் பாதிப் பேர் நாற்காலியிலேர்ந்து எழுந்து ஓடிடறாங்க."

மதியத்துக்கு மேல் செயின் வந்தது, கிளட்ச் மூடி வந்தது, அதன் பின்னாலேயே எண்ணெயும் வந்தது. எல்லாவற்றையும் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் அளவுவாரியாக அடுக்கினார் டாக்டர். சாக்கு நிறைந்துவிட்டது. வண்டியில் இரண்டு சக்கரமும், ஸீட்டும், பெட்ரோல் இல்லாத டேங்கும் மிச்சம். காட்டுவதற்கு இனி இடமில்லை.

தடித்தவர் கையில் ஸ்பானரோடு டாக்டரின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

டயர் அடுக்கில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் போய் டாக்டர் உட்கார்ந்தார். நடந்து வந்தபோது காலணி சளக் சளக்கென்றது.

"கப்பல் போச்சு" என்றார் மெல்ல.

"போகட்டும், விடுங்க." அவள் கைக்குட்டையால் அவர் நெற்றியிலிருந்த கரியைத் துடைத்தாள். "கரையேறாமலா போயிடுவோம்?"

"உங்கண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

அப்போது சைக்கிளில் வந்த தபால்காரப் பெண், ஒரு கடிதத்தைக் கொட்டகைக் கதவில் செருகினாள். டாக்டர் எழுந்து ஓடி, ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அவருக்கு உயிர் வந்தது.

"அவர்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. அடுத்து என்ன செய்யறதா இருக்கார்? இன்னிக்குள்ள முடிச்சுடுவாரா?"

அவள் போய்க் கேட்டாள். தடித்தவர் மறுபடி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது. அவள் முகம் மலர்ந்து டாக்டரிடம் திரும்பி வந்தாள்.

"இந்தக் கடைக்குப் புது மெக்கானிக் வந்தாச்சுன்னு தெரியாமப் போச்சே சார். நீங்க காட்டினதையெல்லாம் காலையிலேர்ந்து கழட்டிக் குடுத்துட்டாராம், இனிமேலாவது அவரோட தண்ணி பம்பைக் கொஞ்சம் பார்ப்பீங்களான்னு கேக்கறார்."