ரோஸியை நிறுத்தும் வழி

ஜோகுபாளையத்தில் ஒரு குழந்தைக்கு அன்று இரண்டு முறை முதல் பிறந்தநாள் வந்தது. காலையில் ஒரு கேக் போனது. அதை வெட்டி, ஊட்டி, படம் எடுத்து, குழந்தை அழுது முடித்துத் தூங்கப்போன நேரத்தில், அதே பெயர், அதே ரோஜாப்பூ, அதே ஒற்றை மெழுகுவத்தியோடு இன்னொரு கேக் வாசலில் போய் நின்றது.

"எங்களுக்கு ரெட்டைக் குழந்தைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று தாய்க்காரி போனில் கேட்டாள்.

சங்கமித்ரா மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்துவிட்டு, நேராக அடுமனைக்குள் போனாள்.

"முனியப்பண்ணா, ஒரே கேக்கை எதுக்கு ரெண்டு தடவை சுட்டீங்க?"

மாஸ்டர் முனியப்பன் மைதா அப்பிய கையால் இரண்டு சீட்டுகளைத் தூக்கிக் காட்டினார். "பழைய மிஷின்ல ஒண்ணு வந்துச்சு. உன் புது மிஷின்ல ஒண்ணு வந்துச்சு. சீட்டு வந்தா சுடுவேன். நீ பத்து அனுப்பு, பத்தும் சுடுறேன். நான் இன்னாத்துக்கு கேள்வி கேக்கப் போறேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சங்கமித்ராவுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்டின் டவுனில் 'டேனியல் அண்ட் டாட்டர்' பேக்கரியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆர்டர், சரக்கு, பில் எல்லாம் அங்கே இத்தனை வருஷமும் ஒரு பழைய சாஃப்ட்வேரில்தான் ஓடின. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மௌஸைக் கண்டாலே ஆகாது. அதைக் கட்டி மேய்த்தவர் ஓஸ்வால்ட். அதற்கு ரோஸி என்று பெயர் வைத்தவரும் அவரே. இப்போது கிளைகள் பெருகிவிட்டன என்று டாட்டராகிய டீனா புது சாஃப்ட்வேர் வாங்கிவிட்டாள். ரோஸியிடம் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுக்கத்தான் சங்கமித்ரா வந்திருந்தாள். அதுவும் காண்ட்ராக்டில். மாற்றி முடித்த அன்றோடு அவள் வேலையும் முடிந்துவிடும்.

மாற்றுவதற்கு மூன்று வழி இருந்தது. ஒரே மூச்சில் பழையதை மூடிப் புதியதைத் திறப்பது ஒன்று. கிளை கிளையாக மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே ஓட்டி, இரண்டு கணக்கும் ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்துவது மூன்றாவது. அவளுடைய மேலாளர் ரகு முதல் வழிக்கு ஒற்றைக் காலில் நின்றான்.

"பிக் பேங், மித்ரா! சனிக்கிழமை மூடு, திங்கக்கிழமை திற. முடிஞ்சுது கதை."

அவளும் அதற்குத் தலையாட்டியவள்தான். ஆனால் முதல் கூட்டம் கலையும்போது டீனா ரகுவிடம் சொன்ன ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது.

"ரோஸியை நிறுத்துற அன்னிக்கே ஓஸ்வால்ட் அங்கிளும் கிளம்பிடுவாரு."

சங்கமித்ராவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் கோலார் தங்கவயல்காரி. அவள் தொட்டிலில் கிடந்தபோது சுரங்கத்தை மூடினார்கள். மறுநாள் காலையிலும் அப்பா வழக்கம்போல எழுந்து, முகம் கழுவி, எங்கே போவதென்று தெரியாமல் தெருவில் நின்றாராம். அம்மா இதைச் சொல்லாத வருஷம் இல்லை. அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். இன்னொருத்தர் நாற்காலியை ஒரே நாளில் உருவிக்கொண்டு போகவா அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தாள்?

"பிக் பேங்கெல்லாம் வேணாம் மேடம்," என்று திரும்பி நின்று சொன்னாள். "ரெண்டும் சேர்ந்தே ஓடட்டும். ஒரு வாரம் முழுக்க ரெண்டும் வித்தியாசமில்லாம ஒத்துப்போனா அப்புறம் நிறுத்தலாம்."

"அதுல செலவு..." என்று ஆரம்பித்தான் ரகு.

"பன் இல்லாமப் போனா கடைக்குக் கூட்டம் வரும் சார். வாங்க வர்ற கூட்டமில்ல, அடிக்க வர்ற கூட்டம்."

டீனா சிரித்துவிட்டாள். சங்கமித்ரா ஜெயித்தாள். அதன் பலன்தான் ஜோகுபாளையத்து இரண்டாவது கேக்.

"இனிமே புதுசோட சீட்டை மட்டும் பாருங்கண்ணா," என்று முனியப்பனிடம் சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக வீட்டுக்கு ரயிலேறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் கையில் டீயோடு நின்றார்கள். பன் வரவில்லை. யாரும் கேட்காமலே வாராவாரம் அந்த பன்னுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தவள் ரோஸி. புதியதற்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. பங்குத்தந்தையே போன் செய்தார். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா, வெறும் டீயும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினாள். கிளைகளில் ஆர்டரைப் புதியதில் போடுவார்கள். அது அப்படியே ரோஸிக்கும் போகும். சீட்டு ரோஸியிடமிருந்து மட்டும் வரும். சாயங்காலம் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை.

செவ்வாய், வித்தியாசம் இல்லை. புதன், வித்தியாசம் இல்லை. வியாழனும் அப்படியே. அவள் வேலையை நன்றாகச் செய்து தொலைத்திருந்தாள். இப்படியே போனால் அடுத்த வாரம் ஓஸ்வால்ட் தெருவில் நிற்பார்.

வெள்ளிக்கிழமை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புதியதில் ஒரு காரா பன்னை அழித்தாள். ஒரே ஒரு காரா பன்.

சாயங்காலம் அறிக்கை வந்தது. இரண்டு வித்தியாசம். ஒன்று அவளுடைய காரா பன். இன்னொன்று ஒரு ஜாம் ரோல்.

ஜாம் ரோலை அவள் தொடவே இல்லை.

"என்னம்மா, இன்னிக்கு ஒத்துப்போகலையா?" ஓஸ்வால்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வழித்துச் சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை.

"இல்ல அங்கிள்."

"அடடடா," என்றார். முகத்தில் அடடடா ஒன்றும் தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "குஸ்கா. எங்க கேத்தரின் செஞ்சது. சாப்பிடு. சாப்பிட்டுட்டு ஓடிப்போயி வண்டியைப் பிடி."

"நீங்க கவலைப்படாதீங்க அங்கிள். சரி பண்ணிடலாம்."

"எனக்கென்னம்மா கவலை? நீ கவலைப்படாதே. இதையெல்லாம் அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. நல்லா இழுத்துச் செய்யணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "ஆமா, இது முடிஞ்சா உன் காண்ட்ராக்டும் முடியுதாமே. அப்புறம் உன்னை எங்க போடுவாங்க?"

"எங்கயும் போட மாட்டாங்க. காண்ட்ராக்ட் அதோட சரி."

ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனி அவளுக்கு நிரந்தர வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. சேரும் தேதியை அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், தனக்காகத்தான் இந்தப் பெண் இழுக்கிறாள் என்று அந்த மனிதர் கண்டுபிடித்துவிட மாட்டாரா?

சனிக்கிழமை அவள் எதையும் தொடவில்லை. ஆனாலும் மறுபடி ஒரு ஜாம் ரோல் உதைத்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சங்கமித்ராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான் செய்த தப்பு என்றால் அது வேறு. தன் ப்ரோகிராம் செய்த தப்பு என்றால்? கம்பெனியில் நாலு பேர், 'இந்த மாதிரி இடத்துலேருந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் எங்க வரும்' என்று கண்ணால் பேசிக்கொள்வதற்கா? போட்ட ஆர்டரில் யாரும் கை வைக்க முடியாதபடி ஜாம் ரோலை இரண்டு பக்கமும் பூட்டினாள்.

திங்கட்கிழமை வித்தியாசம் தில்பசந்தில் வந்தது. தில்பசந்தைப் பூட்டினாள். ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஏறியது. ஸ்பாஞ்சைப் பூட்டினாள். பிளம் கேக்குக்குத் தாவியது.

"யார்கிட்ட!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிளம் கேக்கையும் பூட்டினாள். அவசரத்தில் பூட்டு ஒரு சுற்று அதிகமாக விழுந்துவிட்டது. போட்ட ஆர்டரை மாற்ற முடியாமல் போனது சரி. புது ஆர்டரும் போட முடியாமல் போய்விட்டது.

டிசம்பர் மாதம். ஆஸ்டின் டவுன். பிளம் கேக் இல்லை.

ஒக்கலிபுரம் கிளையில் கல்லாவில் இருக்கும் லாவண்யா போனில் கத்தினாள். "மேடம், பிளம் கேக்னு போட்டா 'அனுமதி இல்லை'ன்னு வருது! யாரு அனுமதி கொடுக்கணும், பிஷப்பா? இங்க வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. பேகா ஏதாவது பண்ணுங்க மேடம், சீக்கிரம்!"

பூட்டைத் திறந்து முடிப்பதற்குள் பாதி வரிசை அடுத்த பேக்கரிக்குப் போய்விட்டது. டீனா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். ரகு வீடியோ காலில் முகம் மலர்ந்து காத்திருந்தான்.

"போதும்," என்றாள் டீனா. "ரெண்டு மாட்டை ஒரே வண்டியில கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்தது போதும். இந்த ஞாயித்துக்கிழமை ரோஸியை மூடுறோம். ஒரே மூச்சுல மாத்துங்க."

"பிக் பேங்!" என்றான் ரகு, பண்டிகை வந்ததுபோல.

"மேடம், ஒரே நாள்ல..." என்று ஆரம்பித்தாள் சங்கமித்ரா. "ஒரு மனுஷனோட..." பக்கத்தில் ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் அதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போது ஓஸ்வால்டே வாயைத் திறந்தார். குரல் தழுதழுத்தது.

"டீனா, இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமே. பண்டிகை முடியட்டும். இந்தப் பொண்ணு ராப்பகலா உழைக்குது. பாவம்."

டீனா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்களா அங்கிள் இதைச் சொல்றீங்க?"

ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டார். சங்கமித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் வேலைக்காகக் கெஞ்சக்கூட அந்த மனிதருக்கு வெட்கம். அவள் பெயரைச் சொல்லி அல்லவா கெஞ்சுகிறார்!

சனிக்கிழமை அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் சங்கமித்ராவால் பொறுக்க முடியவில்லை. முனியப்பனிடம் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினாள். இரண்டு சந்து தள்ளி, வாசலில் காகித நட்சத்திரம் தொங்கிய வீடு. கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பெட்டி, பை, கயிறு கட்டிய ஒரு மூட்டை.

வேலை போகும் முன்பே வீட்டையும் காலி செய்கிறார்களா?

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். கேத்தரினாகத்தான் இருக்க வேண்டும். "யாரும்மா?"

"பேக்கரியிலேருந்து வர்றேன் ஆன்ட்டி. அங்கிள் இல்லீங்களா?"

"கேரல் பாட்டுப் பழகப் போயிருக்காரு. ரெண்டு நாளா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு கிடந்தாரு, போயி நாலு பாட்டு பாடிட்டு வாங்கன்னு நான்தான் தொரத்தி விட்டேன். உக்காரும்மா. பெட்டியெல்லாம் அப்படித்தான் கிடக்கும், தள்ளி வெச்சிக்கினு உக்காரு."

சங்கமித்ரா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

"ஆன்ட்டி, நாளையோட ரோஸியை மூடுறாங்க. அங்கிளோட வேலை... நான் என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன் ஆன்ட்டி. காப்பாத்த முடியல. மன்னிச்சிடுங்க."

கேத்தரின் இரண்டு கையையும் தூக்கி, "மாதாவே!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நெசமாவா? நாளைக்கேவா? அப்பாடா! வேளாங்கண்ணி போயி ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு இந்தப் பெட்டியைக் கட்டுறேன், பிரிக்கிறேன், கட்டுறேன், பிரிக்கிறேன். எனக்குக் கையே ஓஞ்சு போச்சு."

"ஆனா அங்கிளோட வேலை..."

"அவருக்கு என்னாத்து வேலை? ஈஸ்டருக்கே வேலை வேணாம், ரோஸி நின்னதும் கிளம்பிடுறேன்னு எழுதிக் கொடுத்துட்டாரே! ரோஸியை மூடினா அங்க வர்ற கோலார் பொண்ணு ஒண்ணுக்கு வேலை போயிடுமாம். அதுக்காக தினம் போயி யாருக்கும் தெரியாம ஒரு ஜாம் ரோலை மாத்தி வெச்சிட்டு வர்றாரும்மா என் புருஷன். நீ போயி அந்தப் பொண்ணாண்ட சொல்லிடாத, ரொம்ப ரோஷக்காரியாம்!"