மல்லாந்த ஆமையும் சுண்ணாம்புக் கோடும்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேஸ் இன்னும் நடக்கிறது) செங்கமலம் என்றொரு ஆமை இருந்தாள். வெயில் ஏறுவதற்குள் குளத்துக்குப் போய்விடலாம் என்று ஒற்றையடிப் பாதையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்தான் வீரணன் என்கிற காட்டுப்பன்றி. காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, "இதோ, வந்துக்கிட்டே இருக்கேன் மச்சான்" என்று புளுகியபடி ஓடி வந்தவனுக்கு ஆமை எங்கே தெரியப்போகிறது? ஒரே இடி. செங்கமலம் உருண்டுபோய் மல்லாக்க விழுந்தாள். ஓட்டில் விரிசல், பின்னங்காலில் சுளுக்கு.

வீரணன் பதறிவிட்டான். "ஐயோ அக்கா! தப்பு என்மேலதான். இருங்க, புரட்டி விடுறேன். வைத்தியர்கிட்ட நானே தூக்கிட்டுப் போறேன்."

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு? சீக்கிரம் புரட்டுடா, மூச்சு முட்டுது."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். முடிய விடுவார்களா?

"தொடாதே!" என்று புதருக்குள்ளிருந்து குதித்தார் வக்கீல் ஏகாம்பரம். நரி. அடிபட்டவர் 'அம்மா' என்று கத்துவதற்குள் இவர் எப்படி வந்து சேர்கிறார் என்பது அந்தக் காட்டில் யாருக்கும் புரிந்ததில்லை.

"அம்மா, நீங்க கிடக்கிற இந்தக் கோலம்தான் சாட்சி. நிமிர்ந்துட்டீங்கன்னா, 'நான் எங்க இடிச்சேன், நல்லாத்தானே நிக்குது'ன்னு நாளைக்கு இவன் பேசுவான். ஏட்டய்யா வந்து பார்க்கிறவரைக்கும் அசையக் கூடாது."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேங்க" என்றான் வீரணன்.

"பாருங்க, இப்பவே மாத்திப் பேசுறான்!"

சொல்லிக்கொண்டே செங்கமலத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

"தாகமா இருக்குங்களே" என்றாள் செங்கமலம்.

"கொஞ்சம் பொறுங்க. உங்க ஓடு வெறும் முதுகா? சொந்த வீடும்மா! உடம்புக்குத் தனி, வீட்டுக்குத் தனி நஷ்டஈடு. குளத்துல பாதியை உங்க பேருக்கே வாங்கித் தரேன்."

அங்கேதான் அவள் விழுந்தாள், இரண்டாவது தடவையாக. எருமைகள் இறங்கும்போதெல்லாம் சேற்று மூலைக்கு ஒதுங்கியே பழகியவள். பாதிக் குளம் என்றதும் நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடந்தாள்.

கூட்டம் கூடியது. "யாராச்சும் சோடா கொடுங்கப்பா" என்று ஒவ்வொரு குரங்கும் சொன்னது, ஒன்றுகூடக் கடைக்குப் போகவில்லை. ஒரு குரங்கு போனை நீட்டி, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, மூஞ்சி தெரியல" என்றது.

"திரும்ப முடிஞ்சா நான் ஏன்டா இங்க கிடக்கேன்?"

வீரணன் ஓடிப்போய்த் தேக்கிலையில் தண்ணீர் கொண்டுவந்தான். ஏகாம்பரம் தட்டிவிட்டார். "எதிர்த்தரப்புத் தண்ணி! குடிச்சா சமாதானம் ஆயிட்டதா அர்த்தம்."

ஏட்டு வரவில்லை. ஆமையின் தலை மேட்டுக்காடு ஸ்டேஷன் எல்லையிலும் வால் பள்ளக்காடு ஸ்டேஷன் எல்லையிலும் கிடப்பதால், எந்த ஏட்டு போவது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

உச்சி வெயில் வயிற்றில் நேராக இறங்கியது. விரிசலுக்குள் எறும்பு ஊர்ந்தது. பாதிக் குளம் வரும்போது நாம் இருப்போமா என்று செங்கமலத்துக்குப் பயம் வந்தது. அழுதாள். மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் வழியாது, கண்ணுக்குள்ளேயே நிற்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள் பாவம்.

"எனக்குக் குளமும் வேணாம், கேஸும் வேணாம். ஒரு வாய் தண்ணி போதும். புரட்டி விடுங்க சாமி!"

"வலியில பேசுறீங்க" என்றார் ஏகாம்பரம். "கட்சிக்காரங்க வலியில சொல்றதை நான் காதுல வாங்கிக்கிறதில்ல."

பொழுது சாயும் நேரத்தில் மேட்டுக்காட்டு ஏட்டு வந்தார். கரடி. போனில் படம் எடுத்தபடியே, "எங்கய்யா ஆமை?" என்று கேட்டுக்கொண்டு நேராக ஆமைமேலேயே இடறினார். இடறிய வேகத்தில் செங்கமலம் சுழன்று, புரண்டு, நாலு காலும் மண்ணில் பட நிமிர்ந்தாள். ஏட்டு தடாலென்று மல்லாக்க விழுந்தார். "ஐயோ, என் இடுப்பு!"

ஏகாம்பரம் ஒரு கணம் ஆமையைப் பார்த்தார், ஒரு கணம் கரடியைப் பார்த்தார். பிறகு ஏட்டின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "அசையாதீங்க ஏட்டய்யா! நீங்க கிடக்கிற இந்தக் கோலம்தான் சாட்சி."

செங்கமலம் குளத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"பாருங்கப்பா! இடிச்சிட்டு நிக்காம ஓடுறா!" என்று குரங்குகள் கூவின.

சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டு, ஊரே பார்க்க, அவள் தப்பி ஓடினாள். முதலில் ஒரு முழம். பிறகு இன்னொரு முழம்.

"பிடிங்கய்யா அவளை!" என்று அலறினார் ஏட்டு.

"யாரும் நகரக் கூடாது, எல்லாரும் சாட்சி!" என்று அதட்டிவிட்டு, ஏட்டின் பெரிய உடம்பைச் சுற்றிக் கோடு கிழிக்கச் சுண்ணாம்பு பத்தாமல் தேடிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். வீரணன் மட்டும் முன்னால் ஓடி முள்ளை ஒதுக்கி அவளுக்கு வழி விட்டான்.

இருட்டுவதற்குள் அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அப்பாடா! சேற்று மூலைதான். இருந்தால் என்ன? வயிறு முட்டக் குடித்தாள். தூரத்தில் ஏட்டின் குரல் கேட்டது: "தண்ணி... யாராச்சும் ஒரு வாய் தண்ணி..."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "டேய், பாவம்டா. கொண்டுபோய்க் கொடு."

"கொடுக்கலாம்க்கா" என்றான் வீரணன். "ஆனா அது இப்ப எதிர்த்தரப்புத் தண்ணியாச்சே?"

நீதி: விபத்தில் அடிபட்டவர் நியாயம் கிடைக்கும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். உயிர் பிழைக்க விரும்புகிறவர், மெதுவாகவாவது, தப்பி ஓடிவிட வேண்டும்.