நெரிசல் ஒழிப்புத் துறைக்கு வந்த குட்டிக் கார்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டென்றால், அது காரைச் சுண்டக் காய்ச்சியதுதான். பெரிய போர் முடிந்து ஊரெல்லாம் பெட்ரோலுக்குத் தாளம் போட்ட காலத்தில், விமானம் செய்து பிழைத்த தொழிற்சாலைகள் மூக்கில் ஒரு கதவும் மூன்றே சக்கரமும் வைத்து உலகுக்கு அளித்த கொடை அது. அந்தக் கொடை எழுபது ஆண்டு கழித்து நெரிசல் ஒழிப்புத் துறைக்கு வந்து சேர்ந்தது. கோப்புகள் நகரும் வேகத்துக்கு இது பாய்ச்சல்.

கோப்பில் அதன் பெயர் 'குறு மகிழுந்து'. இருக்கை ஒன்றே ஒன்று. எருமை திரும்ப முடியாத சந்திலும் நுழையும் என்று விளம்பரத்தாள் சொன்னது. அதை வாசித்ததும் எல்லோரும் கை தட்ட, ஆணையரின் டிரைவர் மட்டும் கை தட்டவில்லை.

காரணம், ஆணையர் பங்களாவின் பின்னால் ஒரு சந்து. சந்து முடியும் இடத்தில் அலுவலகத்தின் பின்கேட். நடந்தால் முந்நூறு அடி. பெரிய கார் அதில் நுழையாது. ஆகவே பதினோரு ஆண்டாக டிரைவர் அவரை முன்கேட்டில் ஏற்றி, நான்கு சிக்னலும் ஒரு மேம்பாலமும் சுற்றி, முக்கால் மணி நேரத்தில் அலுவலகத்தில் இறக்கி வந்தார். ஆணையர் வழிநெடுகப் போனில் நெரிசலைத் திட்டுவார். மதியச் சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து ஆவி பறக்க வந்துவிடும். கேரியர் நல்ல கேரியர் என்று மெச்சிக்கொள்வார். நடந்தே போகலாம் என்று சொல்லித் தன் சோற்றில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ள டிரைவருக்கு மனம் வரவில்லை. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

புதுக் காரை யார் ஓட்டுவது என்று மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. ஆணையரே ஓட்டுவார் என்று முடிவாகப் போன நேரத்தில், வாசலில் சாவியோடு நின்ற டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, நீங்க தனியா ஓட்டிட்டு வந்தா, பாக்கறவங்க உங்களத்தான் டிரைவர்னு நெனச்சுக்குவாங்க."

உடனே 'மாண்பு காக்கும் ஏற்பாடு' ஒன்று நிறைவேறியது. குட்டிக் காரை டிரைவர் முன்னால் ஓட்டிப் போவார். புதிதாக நியமிக்கப்பட்ட இன்னொரு டிரைவர் பெரிய காரில் ஆணையரைப் பின்னால் கொண்டு வருவார். இவ்வாறாக, ஒரு கார் போன இடத்தில் இரண்டு கார் போய் நெரிசலை ஒழித்தன.

பத்தாம் நாள் திட்டத்தைப் பாராட்ட ஒன்பது மணிக்கு மேலிடக் குழு அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கென்று பங்களா வாசலிலேயே வண்டிகள் அடைத்து நின்றன. எட்டே முக்காலுக்கு ஆணையர் பெரிய காரிலிருந்து இறங்கி வந்து, டிரைவரை இறக்கிவிட்டுக் குட்டிக் காருக்குள் தம்மைத் திணித்துக்கொண்டார்.

"சந்துல எல்லாம் போகும்னு போட்டிருக்கே. நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு சந்து இருக்குல்ல?"

"அது முட்டுச் சந்துங்க ஐயா." என்றார் டிரைவர்.

கார் வீட்டைச் சுற்றிச் சந்துக்குள் போய்விட்டது. டிரைவர் பின்னாலேயே ஓடினார். வேலை போயிற்று, மகள் படிப்பும் போயிற்று என்று நினைத்து முடிப்பதற்குள் சந்து முடிந்துவிட்டது.

ஆணையர் இறங்கி நின்று அலுவலகத்தைப் பார்த்தார். திரும்பி, மொட்டை மாடிக் கொடியில் தம் சட்டை காய்வதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாமல் செய்துவிட்டதாகவும், பிள்ளை படிப்பதாகவும் ஏதேதோ உளறினார்.

"யாராவது பாத்தாங்களா?" என்றார் ஆணையர்.

"இல்லீங்க ஐயா."

"அப்ப ரிவர்ஸ் எடு. சுத்தியே போவோம்."

"இதுக்கு ரிவர்ஸ் கிடையாதுங்க ஐயா."

ஆணையர் தாமே குனிந்து காரின் பின்புறத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் தூக்குய்யா. இது வெளிய தெரிஞ்சா உனக்கு வேலைதான் போகும். எனக்குத் துறையே போயிடும்."